கிழட்டுத் தோட்டா

அத்தியாயம் 7

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு பரிபூரணம் மேஜை மேல் ஓங்கி வைத்த டம்ளரிலிருந்து பாதிக் காப்பி மனு நகலின் மேலும், மீதிப் பாதி உதவியாளன் விமலின் சட்டை மேலும் போய் விழுந்தது.

"எக்கா, இது வெறும் கஸ்டடி மனு. இதுக்கே இம்புட்டுக் காப்பின்னா, சார்ஜ் ஷீட் வாரப்ப நான் ரெயின்கோட்டோட வாரேன்," என்றான் விமல்.

பரிபூரணம் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் போலீஸில் இருந்துவிட்டு, ஒரு பொய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சப்-இன்ஸ்பெக்டர் வேலையைத் தூக்கி எறிந்தவள். இப்போது ராஜபாளையத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் துப்பறியும் ஆபீஸ். போலீஸ்காரர்கள் எழுதும் தமிழ் அவளுக்கு அத்துப்படி. எந்த வரியை வேலைக்காக எழுதியிருக்கிறார்கள், எந்த வரியை யாரையோ காப்பாற்ற எழுதியிருக்கிறார்கள் என்பது படித்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். இந்த மனுவில் இரண்டாவது வகைதான் அதிகம். அதனால்தான் காப்பி கொட்டியது.

எதிர் நாற்காலியில் வெங்கடேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். சோழபுரத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி சீனிச்சாமியின் ஒரே மகள். சீனிச்சாமி ராணுவத்தில் நாயக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயது, நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட். ஐந்து நாளாக ரிமாண்டில் இருக்கிறார். கொலைக் குற்றம்.

நடந்தது இவ்வளவுதான். புதன்கிழமை, ஆயுத பூஜை அன்று முற்பகல் பதினொன்றரை மணிக்கு, சுடலையம்மாள் என்ற மில் தொழிலாளி ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு கருங்காட்டான் கண்மாய்க் கரை மேல் நடந்து வந்தாள். முதுகில் ஒரு குண்டு பாய்ந்தது. புல்லுக்கட்டோடு விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு பிள்ளைகளின் தாய். கண்மாயை ஒட்டித்தான் சீனிச்சாமியின் மக்காச்சோளக் காடு. இரண்டு மாதத்துக்கு முன் அவளுடைய ஆடு காட்டில் இறங்கியபோது, "இன்னொரு தடவ வந்துச்சு, சுட்டுப்போடுவேன்" என்று பெரியவர் ஊரே கேட்கக் கத்தியிருக்கிறார்.

"எங்கப்பா ஆட்டத்தாம்மா சொன்னாரு. கோவத்துல எல்லாரும் பேசுதது தானே?" என்றாள் வெங்கடேஸ்வரி. "அன்னைக்குக் காலையில ரெண்டு துப்பாக்கியையும் தொடச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, சாமி படத்துக்கு முன்னால படுக்கப் போட்டாரு. பூஜைக்கு வச்சத மறுநாளு வரைக்கும் தொட மாட்டாரு. நாலு மணிக்கு இன்ஸ்பெக்டரு வந்தாரு. செருப்போட சாமி ரூமுக்குள்ள போனாரு. 'அந்தத் தேர்ட்டி டூ எங்கடா'ன்னு கேட்டாரு. அத எடுத்துக்கிட்டு, எங்கப்பாவச் சட்டையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டாரு. இந்தா பாருங்க."

அவள் நீட்டிய செல்போனில் பூஜைப் படம் இருந்தது. பொரி, கடலை, வாழைப்பழம், மண்வெட்டி, மோட்டார் ஸ்பேனர். நடுவில் பன்றி விரட்டுகிற இரட்டைக் குழல் துப்பாக்கி. பக்கத்திலேயே, பல்செட்டு மாதிரி பத்திரமாகத் துணி விரித்து, ஒரு பழைய .32 ரிவால்வர்.

"நீளத் துப்பாக்கி?" என்றாள் பரிபூரணம்.

"அது இன்னும் அந்தப் பொட்டோட அங்ஙனயே கெடக்கு. அதத் தொடக் கைவரல."

விமல் நனைந்த மனுவைத் தூக்கிப் பிடித்து வாசித்தான். "'மேற்படி இறந்தவரின் உடலில் இருந்த குண்டு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பிரேதப் பரிசோதனையில் எடுக்கப்பட்டது. அது .32 ரகம் என்றும், எலும்பில் மோதி முனை தட்டையாகியுள்ளது என்றும் தெரிகிறது. இவ்வகைத் தோட்டா வழக்கொழிந்து போன ஒன்று. இந்நிலைய எல்லையில் இதற்கு உரிமம் பெற்றவர் எதிரி சீனிச்சாமி ஒருவரே.' கேட்டா நம்புற மாதிரித்தான் இருக்கு அக்கா. எழுதுனவரு ஆபீஸ்ல டியூஷன் எடுக்கலாம்."

எழுதியவர் இன்ஸ்பெக்டர் சௌந்தரபாண்டியன். பரிபூரணத்தோடு ஒரே பேட்ச்சில் பயிற்சி பெற்றவர். துப்பாக்கி சுடுவதில் எப்போதும் முதலிடம், அதை நாலு பேரிடம் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. இன்று மூன்று மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அவருடைய மனு விசாரணைக்கு வருகிறது. சீனிச்சாமியை இரண்டு நாள் போலீஸ் காவலில் எடுக்க அனுமதி கேட்கிறார். அந்த இரண்டு நாள் எதற்கென்று பரிபூரணத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஸ்டென்ட் வைத்த நெஞ்சு அதைத் தாங்காது. தாங்கினாலும் வெளியே வரும்போது பெரியவர் ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். இவ்வளவும் தெரிந்துதான் அந்த ஆள் கேட்கிறான்.

"வழக்கொழிஞ்சு போச்சாம்," என்றாள் பரிபூரணம். "ஒழிஞ்சுதா இல்லையான்னு விக்கிறவன்கிட்ட கேப்போம். வண்டிய எடுலே."

* * *

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், வைத்தியநாத சுவாமி கோயிலுக்குப் போகிற வழியில், பெலிக்ஸின் துப்பாக்கிக் கடை இருந்தது. வெளியே பார்த்தால் பூட்டு ரிப்பேர்க் கடை என்றுதான் தோன்றும். பெலிக்ஸ் அறுபதைத் தொட்ட ஒல்லியான மனிதர். பரிபூரணம் சர்வீஸில் இருந்த காலத்திலிருந்தே பழக்கம்.

"தேர்ட்டி டூவா?" பெலிக்ஸ் சிரித்தார். "வாங்கம்மா. நாலு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தீங்கன்னா, தூசி தட்டி ஒரு பெட்டி எடுத்துக் குடுத்திருப்பேன். இப்ப வந்து கேட்டா, அடுத்த மாசம் வாங்கன்னுதான் சொல்லணும்."

"அது செத்துப்போன சாமான்னு போலீஸ் எழுதியிருக்கு."

"செத்தது வாஸ்தவந்தான். பொறவு எந்திரிச்சிருச்சு." அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "ஒரு காலத்துல வெளிநாட்டுப் போலீஸ்காரன் இடுப்புல இருந்த சாமான் இது. வலு பத்தலன்னு சொல்லிப் பெரிய போருக்கு, அதான் குழல் வாய் பெருசா இருக்கதுக்கு, மாறிட்டான். நம்ம ஊர்ல பெரிய போரெல்லாம் பட்டாளத்துக்கும் போலீஸுக்குந்தான். சனங்களுக்கு லைசென்ஸ் குடுக்கது இந்தச் சின்னதுக்குத்தான். அதனால கௌரவத்துக்கு வாங்கி பீரோவுல பூட்டுவாக. யாரும் சுட மாட்டாக. சுடாதவனுக்குத் தோட்டா எதுக்கு? எங்கிட்ட இருந்த சரக்கு கிழடு தட்டிப்போச்சு. கிழட்டுத் தோட்டான்னே பேரு வச்சோம்."

"பொறவு எப்படி எந்திரிச்சது?"

"உதைக்காது, அதான். பெரிய போரச் சுட்டா மணிக்கட்டு விட்டுப்போகும். இது, கையில குருவிய வச்சிருக்க மாதிரி. பொம்பளையாளு, வயசாளி, கை நடுக்கம் உள்ளவன், யார் சுட்டாலும் வச்ச குறி நகராது. குறி பாத்துச் சுடுத போட்டிக்கு இதவிட்டா வேற இல்லன்னு இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காக. அதுக்குன்னே தனியாத் தோட்டா வருது. பாருங்க."

இழுப்பறையிலிருந்து இரண்டு தோட்டாக்களை எடுத்துக் கண்ணாடி மேல் நிறுத்தினார். ஒன்றுக்கு முனை உருண்டை. மற்றொன்றுக்கு முனையே இல்லை, கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருந்தது.

"இவருக்கு என்ன வேண்டுதலா, மொட்டை போட்டிருக்காரு?" என்றான் விமல்.

"தட்டைத் தலை இருந்தாத்தான் அட்டையில கிழியாம, பஞ்சிங் மிஷின் போட்ட மாதிரி வட்டமா ஓட்டை விழும். மார்க்குல சண்டை வராது."

பரிபூரணம் மனுவோடு வந்ததைத் தன் போனில் பிடித்து வைத்திருந்த பிரேதப் பரிசோதனைப் படத்தை எடுத்து அந்தத் தோட்டாவின் பக்கத்தில் வைத்தாள். குண்டின் முனை தட்டையாகத்தான் இருந்தது. ஆனால் விளிம்பு சுற்றிலும் ஒரே சீராக இருந்தது. எலும்பில் மோதியது இப்படியா இருக்கும்? ஒரு பக்கம் நசுங்கி, ஒரு பக்கம் பிதுங்கி அல்லவா இருக்க வேண்டும்?

"இது மோதித் தட்டையானது இல்ல," என்றாள். "பொறக்கும்போதே தட்டை."

பெலிக்ஸ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஆமா. இது போட்டித் தோட்டா."

"சோழபுரம் சீனிச்சாமி இத வாங்கியிருக்காரா?"

"அந்தப் பட்டாளத்துப் பெரியவரா? அவரு கடைசியா வந்து பதினோரு வருஷம் இருக்கும். வாங்குனது பத்து உருண்டைத் தலை. இத நான் கொண்டுவந்தே மூணு வருஷந்தான். இந்தச் சுத்துவட்டாரத்துல எங்கிட்ட இத வாங்குதது ஒரே எடம். வெண்புறா ரைஃபிள் கிளப்."

"புறா பேர்ல துப்பாக்கி கிளப்பா?" என்றான் விமல். "அப்ப பூனை பேர்ல பால் பண்ணை வச்சிருப்பாகளே."

"செகரட்டரி ஜெயசித்ரா மேடம், ராஜபாளையத்து மில் வீட்டுக்காரவுக. கிழட்டுத் தோட்டாவுக்கு இங்க உயிர் குடுத்ததே அவுகதான். மெடல் வாங்குனாக. அதப் பாத்து டாக்டரு, வாத்தியாரம்மா எல்லாரும் தேர்ட்டி டூதான் வேணும்னு நிக்காக. கிளப்பு எங்கன்னு கேக்கலியே? மலையடியில மாந்தோப்பு. கருங்காட்டான் கண்மாய்க்கு மேபுறம்."

பரிபூரணம் எழுந்தாள். ராஜபாளையத்துக்காரியின் லைசென்ஸ் ராஜபாளையம் டவுன் கணக்கில் இருக்கும். 'இந்நிலைய எல்லையில்' என்று மனுவில் எழுதியிருந்ததன் சாமர்த்தியம் இப்போதுதான் புரிந்தது. எழுத்துப் பொய்யில்லை, எழுதியவன்தான் பொய்.

* * *

ஸ்கூட்டர் மாந்தோப்புக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். விமல் வழியில் வாங்கிய பால்கோவாப் பெட்டி ஹேண்டில்பாரில் தொங்கியது. கோபத்தில் சாப்பிடாமல் இருந்தால் அக்காவுக்குத் தலை சுற்றும், தலை சுற்றினால் தன்னைத் திட்டுவாள் என்பது அவன் அனுபவம்.

ஜெயசித்ராவுக்கு நாற்பது வயது இருக்கும். வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தாள். ஆபீஸ் அறையின் வாசலைத் தாண்டி உள்ளே வரச் சொல்லவில்லை.

"ஆயுத பூஜை அன்னைக்கு இங்க யாரும் சுடல," என்றாள். "எல்லாத் துப்பாக்கியும் பூஜையில இருந்துச்சு. பூஜையில வச்ச ஆயுதத்த அன்னைக்கு யாராவது எடுப்பாங்களா? எங்க வீட்லயும் அந்தப் பழக்கம் கிடையாது."

"சரிதான். சுடுத எடத்தப் பாக்கலாமா?"

"எதுக்கு?"

"பாத்துட்டுப் போயிடுதோம். இல்லன்னா ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல இருந்து ஆள் வந்து பாக்கும். அவுக செருப்பக் கழட்ட மாட்டாக."

ஜெயசித்ரா தயங்கி முன்னால் நடந்தாள். மாமரங்களுக்கு நடுவே நீளமான ஒரு சந்து. இந்தக் கோடியில் சுடுகிறவர் நிற்கும் மேடை. அந்தக் கோடியில் குண்டுகளை வாங்கிக்கொள்ள ஆள் உயரத்துக்கு மண்மேடு. மேட்டுக்கு முன்னால் அட்டைகள் மாட்டுகிற சட்டம். சட்டத்துக்கு மேலே இரண்டு கம்பம் நட்டு ஒரு குறுக்குக் கட்டை. அந்தக் கட்டையில், கோரப்பல்லும் மீசையும் வரைந்த திருஷ்டிப் பூசணிக்காய் ஒன்று கயிற்றில் தொங்கியது. ஆறு நாள் வெயிலில் லேசாக வாடியிருந்தது.

பரிபூரணம் மேடையிலிருந்து அதைப் பார்த்தாள். பிறகு கிட்டே நடந்துபோய்ப் பார்த்தாள். பூசணியின் முகத்தில் நான்கு ஓட்டைகள் இருந்தன. வட்ட வட்டமாக, கிழியாமல், பஞ்சிங் மிஷின் போட்டது போல.

"அசுரனுக்கு நாலு மூக்கு," என்றான் விமல். "இத வரைஞ்சவன் கணக்குல வீக்கு."

 பரிபூரணம் எக்கிக் குறுக்குக் கட்டையைத் தடவினாள். அதில் ஐந்தாவது குண்டு பதிந்திருந்தது. ரிவால்வரில் மொத்தம் ஆறு.

அவள் திரும்பி மேடைக்கு வந்தாள். மேடையில் நின்று, இல்லாத துப்பாக்கியைப் பூசணிக்கு நேராக நீட்டினாள். அட்டைகளுக்குப் பின்னால் மண்மேடு இருந்தது. பூசணிக்குப் பின்னால் எதுவுமே இல்லை. மேட்டுக்கு மேலே வெட்டவெளி, அதற்கு அப்பால் கண்மாய்க் கரை. அந்த நேரத்தில் கரை மேல் ஒரு பெண் தூக்குவாளியோடு நடந்து போய்க்கொண்டிருந்தாள். பூசணிக்கு ஒரு விரற்கடை மேலே, பூச்சி ஊர்வது போலத் தெரிந்தாள். பரிபூரணத்தின் கை தானாகக் கீழே இறங்கியது. 

"பூசணிக்காய ஒடைக்கிறதுக்கு உங்களுக்குத் தரை கிடைக்கலியா?" என்றாள். "தெருவுல போட்டு ஒடைப்பாக. அதுல வழுக்கி விழுந்து சாகுறது போதாதுன்னு, கட்டித் தொங்கவிட்டுச் சுட்டீகளா? யார் சுட்டது? நீங்களா?"

"நான் இல்ல."

"உங்க தோட்டா. உங்க கிளப்பு. உங்க துப்பாக்கி."

"என் துப்பாக்கிதான். ஆனா சுட்டது நான் இல்ல." மில் வீட்டு மிடுக்கெல்லாம் போய் அவள் மேடையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "பூஜைக்கு வந்த சீஃப் கெஸ்ட். நாங்க எடுக்கக் கூடாதுன்னுதான் சொன்னோம். பூசணி ஒடைக்கணும்ல, சுட்டே ஒடைப்போம்னு அவரே கட்டச் சொன்னார். அவரோட பிஸ்டல் ஸ்டேஷன் பூஜையில இருந்துச்சு. அதனால என்னுதக் கேட்டார். கையில வாங்கித் தூக்கிப் பாத்துட்டு, 'என்ன இது, பொம்பளைங்க வெளையாட்டுச் சாமானா இருக்கு'ன்னு சிரிச்சார். ஒரு கையில பிடிச்சு, படபடன்னு ஆறும் சுட்டார். உதைக்கலைல்ல, அதனால அவருக்கு அது துப்பாக்கியாவே தெரியல."

"யாரு சீஃப் கெஸ்ட்?"

"இன்ஸ்பெக்டர் சௌந்தரபாண்டியன்."

விமல் கிட்டே போய்ப் பூசணிக்காயை நாலு பக்கமும் போட்டோ எடுத்தான்.  

பரிபூரணம் இதுவரை தேடி வந்தது ஒரு பணக்காரக் கையை. போலீஸ் அந்தக் கையை மறைக்கிறது என்று நினைத்தாள். மறைத்த கையும் சுட்ட கையும் ஒன்றாகவே இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. .32 செத்துப்போன ரகம் என்று கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்த மனிதன், அது எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதைத் தன் கையாலேயே சுட்டுப் பார்த்தவன்.

"ஒரு மணிக்கு மறுபடி வந்தார்," என்றாள் ஜெயசித்ரா. "வீடியோவ எல்லாரும் அழிக்கணும்னார். 'வெளிய வந்தா, சுட்ட துப்பாக்கி உன்னுது, லைசென்ஸ் உன்னுது, உள்ள போறது நீ'ன்னு சொன்னார். எனக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க."

"சுடலையம்மாளுக்கும் ரெண்டு. கோர்ட்டுல வந்து இதச் சொல்லுவீங்களா?"

ஜெயசித்ரா தலையை அசைத்தாள். மாட்டேன் என்று.

"அறுபத்தெட்டு வயசு மனுஷன் அஞ்சு நாளா ஜெயில்ல கெடக்காரு. மூணு மணிக்கு அவர அந்த ஆள் கையிலயே ஒப்படைக்கப் போறாக. நீங்க எப்படித் தூங்குதீக?"

 பரிபூரணம் விறுவிறுவென்று வண்டிக்கு நடந்தாள். விமல் மட்டும் ஒரு கணம் நின்றான்.

"மேடம், போன்ல அழிச்ச வீடியோ ஒடனே போயிடாது. முப்பது நாள் குப்பைத்தொட்டியிலயே கெடக்கும். இன்னைக்கு ஆறாவது நாள்," என்றான். "சும்மா சொல்லி வச்சேன்." தன் நம்பர் போட்ட விசிட்டிங் கார்டை மேடை மேல் வைத்துவிட்டு வண்டிக்கு ஓடினான்.

* * *

இரண்டரை மணிக்கு அவர்கள் கோர்ட் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். கையில் பூசணிக்காயின் போட்டோ இருந்தது. யார் சுட்டது என்று அது சொல்லாது. தட்டைத் தலைத் தோட்டாவைப் பற்றிப் பெலிக்ஸ் சாட்சி சொல்லலாம். "நிபுணரிடம் அனுப்பிப் பார்க்கலாம், அதற்குள் இரண்டு நாள் காவல் இருக்கட்டும்" என்பார் அரசு வக்கீல். அந்த இரண்டு நாள்தானே விஷயம்.

வேன் வந்து நின்றது. சீனிச்சாமி இறங்கினார். நடக்கும்போது நெஞ்சில் ஒரு கையை வைத்திருந்தார். மகளைப் பார்த்ததும், "நீளத் துப்பாக்கிய எடுத்து உள்ள வச்சியா? எறும்பு ஏறிரும், சந்தனம் இருக்குல்லா," என்றார். வெங்கடேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பரிபூரணம் சட்டென்று திரும்பினாள்.

"விமலு. போலீஸ் நாலு மணிக்குப் போகுது. சாமி படத்துக்கு முன்னால எத்தனை துப்பாக்கி?"

"ரெண்டு."

"காட்டுல நடந்த சாவு. காட்டுக்காரன் மேல சந்தேகம். பன்னிக்கு வச்சிருக்க பெரிய துப்பாக்கி பக்கத்துலயே கெடக்கு. நீ போலீஸா இருந்தா எத எடுப்ப?"

"நான் போலீஸா இருந்தா மொதல்ல வாழைப்பழத்த எடுப்பேன். பொறவு ரெண்டு துப்பாக்கியையும் எடுப்பேன்." சொல்லிவிட்டு அவனே நிறுத்தினான். கண்கள் விரிந்தன. "எக்கா."

அவள் பால்கோவாப் பெட்டியின் மூடியைக் கிழித்தாள். நெய் படாத பக்கத்தில் மூன்று வரி எழுதி, சீனிச்சாமிக்காக ஆஜராகும் வக்கீல் ஹெப்சிபாவின் கையில் திணித்தாள். "வேற எதுவும் பேசாத. இந்த மூணக் கேக்கச் சொல்லி மாஜிஸ்திரேட்கிட்ட கேளு. இதே வரிசையில."

மூன்றே காலுக்கு மனு எடுக்கப்பட்டது. சௌந்தரபாண்டியன் விறைப்பாக நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, முறுக்கிய மீசை. பரிபூரணத்தைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தார்.

ஹெப்சிபா அட்டையைப் பார்த்துப் பேசினாள். மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடிக்கு மேலே இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"எதிரி வீட்டில் எத்தனை துப்பாக்கி இருந்தது?"

"இரண்டு, ஐயா. இரண்டுமே லைசென்ஸ் உள்ளது."

"அப்படியென்றால் ஏன் ஒன்றை மட்டும் கைப்பற்றினீர்கள்?"

சௌந்தரபாண்டியனுக்கு இது சுலபமான கேள்வியாகப் பட்டிருக்க வேண்டும். குரலை உயர்த்தியே பதில் சொன்னார். "இறந்தவர் உடம்பில் இருந்தது .32 குண்டு, ஐயா. மற்றது இரட்டைக் குழல் துப்பாக்கி. இந்த வழக்குக்குத் தேவையில்லை."

"சரி. உடம்பிலிருந்து குண்டை எடுத்தது எப்போது?"

"வியாழக்கிழமை காலை பதினொரு மணி, ஐயா."

மாஜிஸ்திரேட் காகிதத்தைப் புரட்டினார். "நீங்கள் ரிவால்வரைக் கைப்பற்றியது புதன்கிழமை மாலை நான்கு மணி என்று போட்டிருக்கிறதே. குண்டு அப்போது உடம்புக்குள் இருந்தது. அது என்ன ரகம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

  தகவல் வந்தது என்றார் இன்ஸ்பெக்டர். யாரிடமிருந்து என்று கேட்டதற்கும், தகவல் வந்தது என்றே திரும்பச் சொன்னார். இஸ்திரிச் சட்டையின் முதுகில் வியர்வை படர்ந்ததைப் பின்வரிசையில் இருந்த பரிபூரணம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அது போதவில்லை.

காவல் மனு தள்ளுபடி ஆனது. பெரியவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கவும், வழக்கு டைரியை மாலைக்குள் கோர்ட்டில் ஒப்படைக்கவும், வேறு அதிகாரி விசாரிக்க எஸ்.பி.க்கு எழுதவும் உத்தரவானது.

வெளியே வேப்பமரத்தடியில் விமலின் போன் சிணுங்கியது. ஜெயசித்ராவின் நம்பர். எழுத்து ஒன்றும் இல்லை, நாற்பது வினாடி வீடியோ மட்டும். தொங்கும் பூசணி, நீட்டிய ஒற்றைக் கை, சிரிப்பு, ஆறு வெடி. ஆறாவது வெடிக்குப் பிறகு கைதட்டல். தூரத்தில் கரை மேல் புல்லுக்கட்டு ஒன்று சாய்வதை, கைதட்டியவர்கள் யாரும் பார்க்கவில்லை. விமல் அதை ஹெப்சிபாவுக்கு அனுப்பினான். பிறகு போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

சௌந்தரபாண்டியன் கும்பலை விலக்கிக்கொண்டு நேராகப் பரிபூரணத்திடம் வந்தார். மீசை அதே முறுக்கோடு இருந்தது, முகம்தான் வேறு ஆளுடையது.

"பரிபூரணம், உனக்குத் தெரியும் நான் எப்படிச் சுடுவேன்னு. அது கை தவறுனது. வேணும்னு செய்வனா? சத்தியமா ஆக்ஸிடென்ட். இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஒரு பேச்சு எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்ல."

பரிபூரணம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். காலையிலிருந்து உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது, இப்போது குரலை உயர்த்தவே தேவையில்லாமல் வெளியே வந்தது.

"சுடலையம்மாளச் சுட்டது கை தவறுனது. சரி, நம்புதேன். அதுக்கு நீ அன்னைக்கே நின்னு பதில் சொல்லியிருந்தா, நானே உனக்காக இந்தக் கோர்ட்டுக்கு வந்திருப்பேன். பொறவு சோழபுரம் வரைக்கும் வண்டியில போயி, செருப்போட சாமி ரூமுக்குள்ள நின்னு, ரெண்டு துப்பாக்கியில ஒண்ணப் பொறுக்கி எடுத்து, ஒரு கிழவன் நெஞ்சுக்கு நேரா வச்சியே. அதுல கை தவறலியே. நல்லா நிதானமாக் குறி பாத்துத்தான சுட்ட?"

 ஆஸ்பத்திரிக்குப் போகும் வேன் வந்து நின்றது. பரிபூரணம் அவரைத் தாண்டிப் போய், சீனிச்சாமி ஏறுவதற்குக் கை கொடுத்தாள்.